தோண்டாமலே மண்ணுக்குள் எட்டிப் பார்க்கலாம், தெரியுமா?

உங்கள் காலுக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது? மணலா? களியா? ஈரமா? பாறையா? யோசித்துப் பார்த்ததுண்டா? கடப்பாரையைத் தேட வேண்டாம்! சக்கரம் வைத்த ஒரு பெட்டியைத் தரைமேல் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும். கீழே படிந்து கிடக்கும் மண் அடுக்குகள் எல்லாம் திரையில் கோடு கோடாக வந்து விழும்! அந்தப் பெட்டிக்குப் பெயர் நிலம் ஊடுருவும் ரேடார். வானத்தில் விமானத்தைத் தேடுகிறதே, அதே ரேடார் குடும்பம்தான். இதன் முகத்தை மட்டும் மண்ணைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள்!

கண் இமைப்பதற்குள் 75 லட்சம் தடவை!

ஒரு விநாடியை 100 கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் நானோ விநாடி. அந்த ஒரு துண்டுக்குள் ரேடார் அலை எவ்வளவு தூரம் ஓடும்? காற்றில் 30 செ.மீ.! காய்ந்த மணலில் 15 செ.மீ.! நனைந்த மணலில் சுமார் 6 செ.மீ.! தண்ணீரில் வெறும் 3.3 செ.மீ.! ஈரம் ஏற ஏற அலைக்கு வேகம் குறைந்துகொண்டே போகும்.

காய்ந்த மணலில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஓர் அடுக்கு இருக்கிறதா? அலை உள்ளே போய், அதில் முட்டி, மேலே திரும்பி வர சுமார் 13 நானோ விநாடி! நீங்கள் ஒரு முறை கண் இமைக்க விநாடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் இந்த அலை சுமார் 75 லட்சம் தடவை போய்வந்துவிடும்! இவ்வளவு சிறிய நேரத்தைத் துல்லியமாக அளந்துதான் 'அடுக்கு இத்தனை ஆழத்தில்' என்று கருவி சொல்கிறது!

அதே ஒரு மீட்டர், ஆனால் மணல் நனைந்திருக்கிறது என்றால்? 33 நானோ விநாடி! மண்ணின் ஈரம் தெரியாமல் ஆழத்தைக் கணக்குப் போட்டால் அடுக்கு இரண்டு மடங்குக்கும் கீழே இருப்பதாகத் தோன்றிவிடும்!

இது உண்மையில் ஈரம் மோப்பம் பிடிக்கும் கருவி!

மண்ணுக்கும் ரேடாருக்கும் நடுவே பஞ்சாயத்து செய்வது ஓர் எண். இயற்பியல் பாடத்தில் அதைச் சார்பு விடுதிறன் என்பார்கள். காற்றுக்கு அது 1. பனிக்கட்டிக்கு 3.2. காய்ந்த மணலுக்கு 3 முதல் 5. நனைந்த மணலுக்கு 20 முதல் 30. தண்ணீருக்கு? 80! ஆம், எண்பது! மண்ணில் வழக்கமாகக் கலந்திருக்கும் கனிமங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வர முடியாது!

அதனால் மண்ணின் விடுதிறனை அளந்தாலே போதும், அதில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடலாம். 1980-இல் கனடாவைச் சேர்ந்த டாப், டேவிஸ், அன்னன் என்ற மூவர் இதற்கு ஒரே ஒரு சமன்பாடு எழுதினார்கள். மணலோ வண்டலோ களிமண் கலந்ததோ, பெரும்பாலான மண்ணுக்கு அந்த ஒரே சமன்பாடு ஒத்துவருகிறது! 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மண் ஈரத்தை அளப்பவர்கள் அதை விடவில்லை!

ரேடாருக்கு மண் தெரியாது, மாற்றம்தான் தெரியும்!

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விந்தை! பத்து மீட்டர் தடிமனுக்கு ஒரே மாதிரி மணல் கிடந்தால் ரேடார் திரையில் என்ன தெரியும்? எதுவுமே தெரியாது! அலை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மண் முடிந்து இன்னொரு மண் தொடங்கும் எல்லையில்தான் அலையின் ஒரு பகுதி முட்டித் திரும்பும். விடுதிறன் 4 உள்ள காய்ந்த மணலுக்குக் கீழே 25 உள்ள நனைந்த மணல் திடீரென்று தொடங்கினால், வந்த அலையின் வீச்சில் 43 சதவீதம் திரும்பி மேலே வரும்! உலோகத் தகடு குறுக்கே கிடந்தால்? கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும்!

அதைவிட வேடிக்கை, மண்ணுக்குள் வெற்றிடம் இருந்தால் அதையும் கண்டுபிடிக்கலாம்! ஈர மண்ணில் முட்டித் திரும்பும் அலைக்கும் காற்றுப் பொந்தில் முட்டித் திரும்பும் அலைக்கும் மேடு பள்ளம் தலைகீழாக இருக்கும். பழகிய கண் அதைப் பார்த்தே 'கீழே பொந்து!' என்று சொல்லிவிடும்!

எஃப்.எம். வானொலி வரும் அலைவரிசையிலேயே மண் ஆராய்ச்சி!

100 மெகாஹெர்ட்ஸ் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? எஃப்.எம். பாட்டுத்தானே? மண் ஆராய்ச்சி ரேடார்கள் பலவும் அதே அக்கம்பக்கத்தில்தான் இயங்குகின்றன! காற்றில் 3 மீட்டர் நீளமிருக்கும் அந்த அலை நனைந்த மணலுக்குள் நுழைந்ததும் 60 செ.மீ.க்குச் சுருங்கிவிடும்!

இங்கேதான் ஒரு பேரம். நீள அலை ஆழம் போகும், ஆனால் மெல்லிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டாது. 100 மெகாஹெர்ட்ஸில் நனைந்த மணலுக்குள் சுமார் 15 செ.மீ. தடிமனுக்குக் குறைந்த அடுக்கைப் பிரித்தறிவது கடினம். 1,000 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஒன்றரை செ.மீ. அடுக்குகூடத் தெரியும்! ஆனால் ஆழம்? நல்ல மண்ணில்கூட ஒரு மீட்டர் தாண்டுவதே பெரும்பாடு! ஆழமும் வேண்டும், நுணுக்கமும் வேண்டும் என்றால் இரண்டு ஆன்டெனா வாங்க வேண்டியதுதான்!

புளோரிடா மண்ணுக்குள் ஒரு கறுப்புப் பட்டை!

மண் ஆய்வாளர்கள் இந்த ரேடாரை முதன்முதலில் வயலில் இறக்கியது எங்கே தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடாவில்! ஆண்டு 1979. அதுவரை மண் வரைபடம் போட என்ன செய்தார்கள்? நீளமான துளைக்கருவியை 2 மீட்டர் ஆழம் வரை கையால் திருகித் திருகி இறக்குவார்கள். மேலே வரும் மண்ணின் நிறத்தைப் பார்ப்பார்கள், விரலில் பிசைந்து பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். பிறகு நடந்துபோய் அடுத்த துளை! சரி, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஊகம்தான்!

ரேடார் அந்த ஊகத்தை ஒழித்தது. இழுத்துக்கொண்டு போகப் போக, வழி நெடுக, இடைவெளியே இல்லாமல் அடுக்குகள் பதிவாகின! அன்றைய கருவிகளில் திரைக்குப் பதில் காகிதச் சுருள். மண்ணின் குறுக்குவெட்டு அதில் கறுப்புக் கோடுகளாக ஓடிக்கொண்டே வரும்!

அந்த மாநிலத்துக்கு அதிகாரபூர்வ மாநில மண் என்று ஒன்று உண்டு, தெரியுமா? மாநிலப் பறவை, மாநில மரம் மாதிரி மாநில மண்! பெயர் மயாக்கா. 1989-இல் அந்தப் பட்டம் கிடைத்தது. 15 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது! அதை வெட்டிப் பார்த்தால் மேலே கருஞ்சாம்பல் மணல். அதன் கீழே சலவை செய்தது போல வெளுத்த மணல். இன்னும் கீழே, 50 முதல் 75 செ.மீ. ஆழத்தில், திடீரென்று ஒரு கறுப்புப் பட்டை! மழைநீர் மேலிருந்து கரைத்துக் கொண்டுபோன கரிமப் பொருளும் அலுமினியமும் அங்கே போய்த் தங்கி, மணல் துகள்களின்மேல் பூச்சாக ஒட்டிக்கொள்கின்றன. வெளுத்த மணலுக்கும் கறுப்புப் பட்டைக்கும் நடுவே உள்ள அந்த எல்லை ரேடாருக்கு அல்வா! அவ்வளவு தெளிவாகத் தெரியும்!

அதற்கும் கீழே களிமண் அடுக்கு இருக்கிறதா? இருந்தால் 1 மீட்டருக்குள்ளேயா, 2 மீட்டருக்குள்ளேயா? இந்த ஒரு வித்தியாசத்தில் மண்ணின் வகைப்பெயரே மாறிவிடும்! மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மணல்காடு. ரேடார்தான் 'இது வேறு, அது வேறு' என்று பிரித்துக் கொடுத்தது!

அப்படியானால் துளைக்கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்களா? இல்லை! கோடு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று உறுதிசெய்ய அங்கங்கே சில துளைகள் போட்டே ஆக வேண்டும். ரேடாருக்குக் கோடு போடத்தான் தெரியும், பெயர் வைக்கத் தெரியாது!

கரிசலைப் பார்த்தால் ரேடாருக்குக் காய்ச்சல்!

எல்லா மண்ணும் புளோரிடா மணல் ஆகுமா? காய்ந்த மணலிலும் சரளையிலும் 30 மீட்டர் வரைகூட எட்டிப் பார்க்கும் அதே ரேடார், ஈரக் களிமண்ணில் அரை மீட்டர் போவதற்குள் மூச்சுத் திணறிவிடும்! காரணம், களிமண்ணில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. அலையின் ஆற்றலை மண்ணே உறிஞ்சிக்கொள்கிறது! உப்பு மண் என்றால் இன்னும் மோசம். 25 செ.மீ. போனாலே பெரிய விஷயம்!

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? கோவில்பட்டிக் கரிசல் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும் களிமண். ஈரமாக இருக்கும்போது ரேடாரைத் தள்ளிக்கொண்டு போனால் திரையில் பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்! தூத்துக்குடி உப்பளத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்! அதுவே திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் கோடையில் காய்ந்து கிடக்கும்போது? இயற்பியல்படி பார்த்தால் ரேடாருக்குக் கல்யாணச் சாப்பாடு! ஒரே தென்கோடியில், ஒரு பகல் பயணத்துக்குள், ரேடாருக்கு ஆகாத மண்ணும் ஆகிவந்த மண்ணும்!

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வரைபடம் போட்டுவிட்டார்கள், தெரியுமா? எந்த ஊர் மண்ணில் ரேடார் வேலை செய்யும், எங்கே செய்யாது என்று நாடு முழுவதற்கும் நிறம் தீட்டி 2007-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்! கருவியை வாடகைக்கு எடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்!

முதலில் மாட்டியது கப்பல், அடுத்தது பனியாறு!

ரேடார் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இந்த யோசனை பிறந்துவிட்டது! 1904-இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் ரேடியோ அலையால் கப்பலைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஆறே ஆண்டுகளில், 1910-இல், லைம்பாக், லோவி என்ற இருவர் 'இதை வைத்து மண்ணுக்குள் புதைந்ததைத் தேடலாமே!' என்று காப்புரிமை கேட்டார்கள்! 1929-இல் வால்டர் ஸ்டெர்ன் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலையால் அளந்தார். 1956-இல் எல் சையத் எகிப்துப் பாலைவனத்தில் நிலத்தடி நீர்மட்டத்தைத் தேடினார்!

இடையில் நடந்தது ஒரு விபரீதம். கிரீன்லாந்துப் பனிவெளியில் பறந்த அமெரிக்க விமானங்களின் ரேடார் உயரமானிகள் பொய் சொல்லத் தொடங்கின! அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே புகுந்து, ஆழத்திலிருந்து திரும்பியது. 'இன்னும் நிறைய உயரம் இருக்கிறது' என்று கருவி காட்ட, விமானங்கள் பனியில் மோதின! அந்தக் கோளாறேதான் பனிக்குள் பார்க்கும் வித்தையாக மாறியது. பனிக்கட்டியில் ரேடார் கிலோமீட்டர் கணக்கில் போகும்! அண்டார்டிகாவில் கிட்டத்தட்ட 4 கி.மீ. பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் வோஸ்டாக் ஏரியின் தடயம் விமானத்தில் வைத்த ரேடாரில்தான் சிக்கியது!

குழாய் எங்கே? தொங்கு மீசையைத் தேடு!

ரேடார் திரையில் புதைந்த குழாய் எப்படித் தெரியும்? வட்டமாக? இல்லவே இல்லை! தொங்கு மீசை மாதிரி, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து தெரியும்! ஏன்? அலை நேர் கீழே மட்டும் போவதில்லை. கூம்பாக விரிந்து போகிறது. குழாய்க்கு நேர் மேலே வரும் முன்பே அது கருவிக்குத் தெரிந்துவிடும், ஆனால் தூரமாக! நெருங்க நெருங்கத் தூரம் குறையும், தாண்டியதும் மறுபடி கூடும். மீசையின் நடு உச்சிதான் குழாயின் உண்மையான இடம்! மீசை எவ்வளவு சரிகிறது என்பதை வைத்து மண்ணில் அலையின் வேகத்தையே கணக்கிட்டுவிடலாம்! ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

அமெரிக்காவின் ஒஹையோவில் இதற்குப் பெரிய தேவை இருக்கிறது. பழைய விவசாயிகள் வயலின் மிகைநீரை வடிக்கக் குழாய்களைப் புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்ற வரைபடம் தொலைந்துவிட்டது! வேளாண் துறை ஆய்வாளர்கள் 14 வயல்களில் ரேடாரை ஓட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது சராசரியாக 72 சதவீதக் குழாய்! ஒரு மண்வெட்டுகூட இல்லாமல்!

மாட்டு வண்டியில் ரேடார்!

நம்புவீர்களா? 1979-இல் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் ரேடாரை இழுத்தது மாடு! சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து, ஹோயா டி செரென் என்ற விவசாயக் கிராமத்தைச் சாம்பலில் மூழ்கடித்தது. சாம்பல் அடுக்கின் தடிமன் மட்டும் 4 முதல் 6 மீட்டர்! 1976-இல் ஒரு புல்டோசர் தற்செயலாக ஒரு வீட்டை இடித்துக்கொண்டு வந்தபோதுதான் கிராமம் வெளியே தெரிந்தது. மீதி வீடுகள் எங்கே? தொல்லியலாளர் பேசன் ஷீட்ஸ் குழுவினர் ரேடாரை மாட்டு வண்டியில் ஏற்றி மெதுவாக ஓட்டினார்கள். அதிர்வு குறைவு, எஞ்சின் இரைச்சல் இல்லை, மின்சாரத் தொந்தரவும் இல்லை! அன்றைய நிலைமைக்கு அதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்பேன்!

சாம்பல் அடுக்கு ஒருவகை மண், அதன் கீழே அன்றைய மக்கள் மிதித்து நடந்த களிமண் தரை இன்னொரு வகை. எல்லை பளிச்! வீடுகளின் களிமண் தளங்கள் திரையில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன!

கதை அதோடு முடியவில்லை. 2007-இல் கிராமத்துக்குத் தெற்கே ரேடார் காட்டிய ஒரு மாறுபாட்டைத் தோண்டினார்கள். கிடைத்தது என்ன? மரவள்ளிக் கிழங்கு வயல்! பாத்தி பாத்தியாக! மரவள்ளிக்குத் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில், அதைப் பண்டைக் காலத்தில் இப்படி வயலாகவே பயிரிட்டதற்கு நேரடிச் சான்று அதுவரை கிடைத்ததே இல்லை!

இன்னொரு வியப்பு! இன்றைய மரவள்ளிக்கும் ரேடார் வந்துவிட்டது. ஜவ்வரிசி ஊரான சேலத்துக்காரர்கள் கவனிக்கவும்! கிழங்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்று செடியைப் பிடுங்காமலே ரேடாரால் மதிப்பிடும் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பிடுங்கிப் பார்த்தால் செடி செத்துவிடுமே! இதில் அதே செடியை வாரா வாரம் பார்க்கலாம்!

700 மீட்டர் அகல மணல்மேட்டுக்கு ஸ்கேன்!

மொராக்கோவில் லாலா லாலியா என்ற நட்சத்திர மணல்மேடு இருக்கிறது. உயரம் 100 மீட்டர்! அகலம் 700 மீட்டர்! அதன் வயிற்றுக்குள் என்ன அடுக்கு? சார்லஸ் பிரிஸ்டோ, ஜெஃப் டல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ரேடாரை மேட்டின்மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். சரிந்து சரிந்து படிந்த மணல் அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன! மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று கண்டறியும் முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். 2024-இல் வந்த விடை? அடிப்பகுதி 13,000 ஆண்டுப் பழசு! ஆனால் மேலே நிற்கும் அத்தனை பெரிய மேடும் கடந்த 1,000 ஆண்டுக்குள் எழுந்தது! அதுமட்டுமா? அந்த மலை நகர்கிறது! ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர்!

சட்டுப்புட்டென்று இன்னும் சில!

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வரிசைகளுக்கு நடுவே ரேடாரை இழுத்து, எந்தக் கொடிக்கடியில் ஈரம் அதிகம், எங்கே குறைவு என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள், தெரியுமா? தோட்டம் ஒன்றுதான், ஈரம் இடத்துக்கு இடம் வேறு!

புளோரிடாவில் மண்ணைக் குடைந்து வாழும் கோஃபர் ஆமையின் வளையை ரேடாரால் படம்பிடித்திருக்கிறார்கள்! உள்ளே குடியிருப்பவருக்குத் தொந்தரவே இல்லை!

ஓக் மரத்தின் வேர் மண்ணுக்குள் எப்படியெல்லாம் ஓடுகிறது என்பதை ஒரு வேரைக்கூட வெட்டாமல் 1999-லேயே முப்பரிமாணப் படமாக்கிவிட்டார்கள்!

2004 சுனாமி நம் கரையில் மட்டுமா மணலைக் கொட்டியது? தாய்லாந்தின் ப்ரா தோங் தீவிலும் கொட்டியது. அங்கே மண்ணுக்குள் பார்த்தால் அதே மாதிரி பழைய மணல் படுகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக! 2004-க்கு முந்தையது 550 முதல் 700 ஆண்டுப் பழசு! அந்த மெல்லிய சுனாமி மணல் படுகைகளை ரேடாரால் பார்க்க முடியுமா என்று அதே தீவில் சோதித்தும் இருக்கிறார்கள்!

கருவி அனுப்பும் அலையின் ஆற்றல் எவ்வளவு? உங்கள் கைபேசி அனுப்புவதைவிடக் குறைவு!

ஒரு முழு ஊரையே தோண்டாமல் வரைந்தார்கள்!

இத்தாலியில் ரோமானியர் காலத்து ஃபலேரி நோவி நகரம் மண்ணுக்குள் கிடக்கிறது. பரப்பு 30.5 ஹெக்டேர். நான்கு சக்கர பைக்கின் பின்னால் ரேடாரைக் கட்டி இழுத்து, 12.5 செ.மீ.க்கு ஒரு அளவீடு வீதம் ஊர் முழுவதும் சுற்றினார்கள் கேம்பிரிட்ஜ், கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கிடைத்த தரவுப் புள்ளிகள் எத்தனை தெரியுமா? 2,800 கோடி! சந்தை, கோயில், குளியல் கூடம், தண்ணீர்க் குழாய் எல்லாம் வந்துவிட்டன! ஒரு ஹெக்டேர் தரவைப் படித்துப் புரிந்துகொள்ளவே சுமார் 20 மணி நேரம்! 2020-இல் வெளியான அந்த வரைபடத்துக்காக ஒரு கூடை மண்ணும் அள்ளவில்லை!

நார்வேயின் யெல்லெஸ்டாட் வயலில் 2018-இல் சிக்கியது அதைவிட அதிர்ச்சி. ஏர் ஓடிக்கொண்டிருந்த மண்ணுக்கு வெறும் அரை மீட்டர் கீழே 20 மீட்டர் நீள வைக்கிங் கப்பல்! தலைமுறை தலைமுறையாக அதன்மேல் உழுதிருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை!

ரேடாரும் ஏமாறும்!

இதையும் சொல்லிவிட வேண்டும். 2015-இல் இங்கிலாந்தின் டரிங்டன் வால்ஸில், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு 3 கி.மீ. தூரத்துக்குள், '90 பெரிய கற்கள் புதைந்து கிடக்கின்றன, சில 4.5 மீட்டர் உயரம்!' என்று செய்தி வந்தது. உலகமே வாய் பிளந்தது! மறு ஆண்டே தோண்டிப் பார்த்தார்கள். கல்? ஒன்றுகூட இல்லை! ஒரு காலத்தில் மரத்தூண்கள் நட்ட குழிகள். பின்னர் சுண்ணாம்பு மண்ணால் நிரப்பியவை! மாற்றம் இருக்கிறது என்று ரேடார் சொன்னது சரிதான். அதைக் கல் என்று வாசித்தது மனிதக் கண்!

எகிப்து மன்னன் துத்தன்காமன் கல்லறையிலும் இதே கூத்து! முதல் ஸ்கேனைப் பார்த்து ரகசிய அறை இருக்க 90 சதவீத வாய்ப்பு என்றார்கள். 2018-இல் இத்தாலிய ஆய்வுக் குழு நுணுக்கமாக ஆராய்ந்து, அப்படி ஓர் அறையே இல்லை என்று முடித்துவிட்டது!

ஷேக்ஸ்பியர் கல்லறைக் கதை வேறு மாதிரி. தன் எலும்பை அசைப்பவனுக்குச் சாபம் என்று அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது! யார் தொடுவார்? 2016-இல் ரேடார் தொடாமலே பார்த்தது. ஆழம் ஒரு மீட்டர்கூட இல்லை! சவப்பெட்டி ஆணிகளின் தடயம் இல்லை! தலைப்பக்கம் மட்டும் மண் கலைந்திருக்கிறது! மண்டை ஓடு களவு போயிருக்கலாம் என்கிறார்கள். சாபம் ரேடாருக்கும் பலிக்குமா என்று தெரியவில்லை!

விண்வெளியிலிருந்தும் மண்ணுக்குள்!

1981 நவம்பரில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் பறந்த ரேடார் சகாரா பாலைவனத்தைப் படம்பிடித்தது. எகிப்து-சூடான் எல்லையில் கண்ணுக்குத் தெரிவது வெறும் மணல். ரேடார் படத்தில் தெரிந்தது? ஆறுகள்! கிளை கிளையாகப் புதைந்த பழைய ஆற்றுப் படுகைகள்! அந்த மணல் அவ்வளவு வறண்டது. அலை ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே போய்விட்டது! நேரில் போய்த் தோண்டியவர்களுக்கு அந்தப் பகுதியில் கற்கால மனிதர்களின் கைக்கோடரிகள் கிடைத்தன!

நிலவின் மண்ணையும் விடவில்லை! 2019 ஜனவரி 3 அன்று சீனாவின் சாங்இ-4 விண்கலம் நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதன் யூட்டு-2 ஊர்தியில் இருந்த 500 மெகாஹெர்ட்ஸ் ரேடார் எவ்வளவு ஆழம் பார்த்தது தெரியுமா? 40 மீட்டர்! பூமியில் இதே அலைவரிசை ஈரக் களிமண்ணில் அரை மீட்டர் போகவே திணறும். நிலவில் தண்ணீர்த் தொல்லை இல்லையே! மேலே 12 மீட்டர் நைந்த தூள் மண். அதற்குக் கீழே 24 மீட்டர் வரை பாறைத் துண்டுகள் கலந்த அடுக்கு. அதற்கும் கீழே மாறி மாறிப் படிந்த அடுக்குகள்!

செவ்வாயில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 முதல் சுற்றுகிறது. அதில் உள்ள ரிம்ஃபாக்ஸ் ரேடாரைச் செய்துகொடுத்த நாடு எது? நார்வே! வண்டி நகரும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு முறை மண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறது! ஜெசிரோ பள்ளத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்ததற்குரிய படிவு அடுக்குகளை அது 20 மீட்டர் ஆழம் வரை காட்டிவிட்டது!

சீனாவின் ஜூரோங் ஊர்தி அதே ஆண்டு செவ்வாயின் வேறொரு சமவெளியில் இறங்கியது. மொத்தம் ஓடியதே 2 கி.மீ.க்குக் குறைவு! அந்தக் குட்டிப் பயணத்தின் ரேடார் பதிவில் 10 முதல் 35 மீட்டர் ஆழத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்த அடுக்குகள் இருந்தன. சராசரிச் சாய்வு 14.5 டிகிரி! பூமியில் கடற்கரை மணல் படியும் சாய்வோடு ஒத்துப்போகிறதாம்! செவ்வாயில் பழங்காலக் கடற்கரையா? அப்படித்தான் அந்த ஆய்வுக் குழு வாதிடுகிறது! அதிலும் ஒரு வேடிக்கை. அந்த ஊர்தி 2022 மே மாதமே குளிர்காலத் தூக்கத்துக்குப் போய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதன் தரவிலிருந்து கடற்கரை வெளிப்பட்டது 2025 பிப்ரவரியில்!